பழவேற்காட்டுத் திட்டில் செடிகொடிக் கணக்கெடுப்பு: துணை நின்றவர்களுக்கு நன்றி

பழவேற்காடு ஏரியின் நடுவே உள்ள சிறு திட்டில் என்னென்ன செடிகொடிகள் இருக்கின்றன என்ற கணக்கெடுப்பு முடிந்தது. கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி படகோட்டிகளுக்கு. ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. எஞ்சினை ஓட்டினால் விசிறி சேற்றில் சிக்கும், சிப்பியில் பட்டு உடையும். கழி ஊன்றியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில் வலை கட்டியிருந்த மீனவர்கள் வழிவிட்டார்கள். சரணாலயம் என்பதால் அனுமதியில்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. அனுமதி தந்ததோடு, பறவைகள் அடையும் பக்கம் எங்கள் அளவுக் கயிறு போகாமல் பார்த்துக்கொண்ட வனத்துறையினருக்கும் நன்றி.

மேட்டிலிருந்து நீர்விளிம்பு வரை கயிறு கட்டி, 5 மீட்டருக்கு ஒன்றாக 1 மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருக்கும் செடிகளை எண்ணுவது வழக்கம். சிறு திட்டுக்கு அது போதாது. விளிம்பில் ஓரிரு மீட்டருக்குள்ளேயே மண்ணின் உப்பு மாறிவிடும். உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி முடிந்து புல் தொடங்கும் இடம் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தப்பிவிடும். ஆகவே விளிம்பை ஒட்டிய 10 மீட்டருக்கு, மீட்டருக்கு ஒரு சட்டம். அத்தனையையும் மண்டியிட்டு எண்ணியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

உமரிதான் பெரும் சோதனை. அதில் இரண்டு வகை. தாழ வளரும் சுவேடா மாரிடிமாவும் ஆள் உயரப் புதராகும் சுவேடா மோனாய்க்காவும் இளஞ்செடியில் ஒன்றுபோலவே தெரியும். பூவும் காயும் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது. எந்தப் புதர் எப்போது பூக்கும் என்று கீரை பறிக்கும் பெண்கள் சொன்னார்கள். பட்டியலில் அந்த இரு வரிகளும் அவர்களால் வந்தவை.

பறித்த உமரியைத் தாள்களுக்கு நடுவில் அழுத்தி உலர்த்திப் பாடம் செய்வதும் எளிதல்ல. நீர் நிறைந்த இலை என்பதால் தாளுக்கு நடுவிலும் பல நாள் உயிரோடிருந்து, பிறகு இலை இலையாக உதிரும். பூவை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு கொதிநீரில் சில நொடி முக்கி, துணியில் ஒற்றி, பிறகு அழுத்த வேண்டும். ஏரிக் காற்றில் தாள் சீக்கிரம் நமத்துப் பூசணம் பிடிக்கும். தினமும் மாற்றியாக வேண்டும். படகு அடுப்பில் வெந்நீர் வைத்துத் தந்தவர்களும், வீடு வீடாகப் பழைய செய்தித்தாள் சேர்த்துத் தந்த பிள்ளைகளும் இல்லையென்றால் பாதி மாதிரிகள் வீணாகியிருக்கும். மாதிரிகளோடு வைக்கும் பெயர்ச் சீட்டுகளைப் பென்சிலால்தான் எழுதினோம். ஈரம் பட்டால் பேனா மை ஊறிவிடும்.

இறங்குமுன் செருப்பு, காலுறை, கால்சட்டை மடிப்பு எல்லாவற்றையும் படகிலேயே பிரஷ்ஷால் தேய்த்தோம். புது விதை எதுவும் எங்களோடு திட்டில் இறங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் காத்திருந்தவர்களுக்குத் தனி நன்றி. 20 செடிகூட இல்லாத வகையைப் பறிக்காமல் படம் மட்டும் எடுத்தோம்.

பட்டியலின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்று பள்ளியிலும் இருக்கிறது. மழைக்குப்பின் முளைத்துக் கோடையில் காய்ந்துபோகும் செடிகள் தனிப் பக்கத்தில் உள்ளன. ஊர்ப்பெயர் ஏதாவது விடுபட்டிருந்தால் ஓரத்தில் எழுதி வையுங்கள்; அடுத்த மழை முடிந்து வரும்போது சேர்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்