பாதி நாள் வேலை, முழுச் சம்பளமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ஆரம்பப் பள்ளி டீச்சருக்கு பாதி நாள் வேலை, முழுச் சம்பளம் என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதியவர் தாராவிக்கு வந்து இரண்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காரட்டும், அப்புறம் எழுதட்டும்.

வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம், பாடத் தயாரிப்பும் சேர்த்து, என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? ஆசிரியருக்கு வேறு வேலை தரக் கூடாது என்று சொல்லும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இதற்கெல்லாம் மட்டும் தரலாம் என்கிறது. சரி, தேர்தல் என்றால் ஓட்டுப் போடும் ஒரு நாள்தானே என்று நினைப்பீர்கள். வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு சால் என்று இங்கே சொல்லும் மாடி வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி, "அவரு ஊருக்குப் போயிருக்காரு, தீபாவளி கழிச்சு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கும்போது எங்கள் பாதி நாள் ராத்திரி எட்டு மணியைத் தாண்டியிருக்கும். இது போதாதென்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், எப்போது வேலையில் சேர்ந்தவரானாலும் இரண்டு வருஷத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வைப் பாஸ் செய்ய வேண்டும். பேரன் எடுத்த டீச்சரெல்லாம் இப்போது கைடு வாங்கிப் படிக்கிறார்கள். அதைப் பற்றி உங்கள் பேப்பரில் நான் பார்த்தவரை ஒரு மூலைச் செய்திகூட இல்லை. செப்டம்பர் 5 வந்தால் மட்டும் தெய்வம், ஏணி, மெழுகுவத்தி என்று அரைப் பக்கம்.

தெய்வமெல்லாம் வேண்டாம் சார். எங்கள் சந்தோஷம் வேறு. ஜூனில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத பையன் ஒருவன். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, கடை போர்டெல்லாம் மராத்தி, அவன் என்னதான் செய்வான்? மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் இடைவேளையில், வடை கட்டி வந்த தாளை விரித்து எண்ணெய்க் கறைமேல் விரலை ஓட்டி, "த... தங்... தங்கம் விலை" என்று தானே எழுத்துக் கூட்டினான். பக்கத்துப் பையன் வடையை எடுத்துத் தின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. அது உங்கள் பேப்பர்தான். தலைப்புக்குக் கீழே உள்ள பொடி எழுத்தை அவனால் படிக்க முடியவில்லை.

முன்பு சிறுவர் பகுதி என்று ஒன்று போட்டீர்கள். அந்த இடத்தில் இப்போது ஃபிளாட் விளம்பரம். அப்போதே எழுதினேன், பதிலில்லை. கட்டுரைக்கு மறுப்பெல்லாம் போட வேண்டாம். வாரம் ஒரு முறை கால் பக்கம், பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக ஏதாவது போடுங்கள். தமிழில் பாடப் புத்தகம் தவிர வேறெதுவும் கண்ணில் படாத பிள்ளைகள் இவர்கள். அதற்கும் இடமில்லையென்றால் சொல்லிவிடுங்கள், தங்கம் விலையை வைத்தே பாடம் நடத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தாராவி, மும்பை