கொஷூத் சிலையைக் காட்டிக் கதை சொன்னவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், யுனிவர்சிட்டி சர்க்கிள் பகுதியில் நிற்கிற ஹங்கேரிய விடுதலைப் போராட்டத் தலைவர் லாயோஷ் கொஷூத்தின் சிலையைப் பார்க்க எங்கள் நண்பர் குழு போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆளுக்கொரு மெசேஜ் அனுப்புவதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நூலக அம்மா. சும்மா ஒரு தேதி கேட்கப் போனவனை உட்காரவைத்துப் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சிலை திறந்தது 1902 செப்டம்பர் 28, அதாவது கொஷூத் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த அதே மாதம். 1849இல் ஆஸ்திரியாவுக்குத் துணையாக ரஷ்யப் படை இறங்கியதும் ஹங்கேரியின் போராட்டம் நசுங்கிவிட, துருக்கிக்குத் தப்பி அங்கே காவலில் கிடந்து, அப்புறம் இங்கிலாந்து வழியாக 1851 டிசம்பரில் நியூயார்க்கில் இறங்கி, ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டிய மனிதர் அவர். 1852இல் கிளீவ்லாந்துக்கும் வந்திருக்கிறார். அப்படி ஊர் ஊராகப் பேசிய ஆங்கிலத்தை அவர் கற்றுக்கொண்டது, போராட்டத்துக்கு முன்பு ஒருமுறை இருந்த சிறையில், ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் வைத்துக்கொண்டு! கூட்டம் கூடியது, கைதட்டல் கிடைத்தது, ஆனால் எதிர்பார்த்த படை உதவி மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்து, எங்களோடு வந்த ஹங்கேரியப் பெரியவர். இந்த வயதிலும் சிலைக்கு முன்னால் நின்றபடியே அவ்வளவு நேரம் பேசினார். சிற்பி ஹங்கேரியின் தெப்ரெட்சன் நகரைச் சேர்ந்த ஆந்த்ராஷ் தோத், ஹங்கேரியக் கவிஞர் ஆர்பாத் தோத்தின் அப்பா. நாட்சலோந்தா என்ற ஊரில் அவர் செய்துவைத்த சிலையின் நகல்தான் இங்கே நிற்பது. அன்று ஹங்கேரியில் இருந்த அந்த நாட்சலோந்தா இப்போது ருமேனியாவில் இருக்கிறது, ஆக மூலச் சிலைக்கும் இன்று வெளிநாட்டு வாசம்தான். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் சைவம் என்று கேள்விப்பட்டு, பன்றிக்கொழுப்பு சேர்க்காமல் சீஸ் மட்டும் போட்ட பொகாச்சா என்ற ஹங்கேரிய உப்பு பன் ஒரு டப்பா நிறைய செய்வித்துக் கொண்டுவந்திருந்தார், என்ன சொல்வது!

எல்லோரையும்விட அதிகமாக நான் நன்றி சொல்ல வேண்டியது ஸ்லோவாக்கியப் பூர்வீகம் உள்ள அந்தத் தோழிக்கு. அவர் வராமல் இருந்திருந்தால் பாதிக் கதையோடு திரும்பியிருப்போம். இந்தச் சிலையை முதலில் நகரின் நடுவே பப்ளிக் ஸ்கொயரில் வைப்பதாகத்தான் பேச்சு, இங்கே குடியேறியிருந்த ஸ்லோவாக்கியர்கள் எதிர்த்ததால் யுனிவர்சிட்டி சர்க்கிளுக்கு வந்தது. ஏன் எதிர்த்தார்கள் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். வியன்னாவில் இருந்த ஆஸ்திரிய ஆட்சியிடம் ஹங்கேரிக்கு விடுதலை கேட்ட கொஷூத், அதே ஹங்கேரிக்குள் வாழ்ந்த ஸ்லோவாக்கியர், செர்பியர், ருமேனியர் தங்களைத் தனி இனமாக ஏற்கச் சொன்னபோது இசையவில்லை. 1902இல் ஸ்லோவாக்கிய ஊர்கள் இன்னும் ஹங்கேரிய ஆட்சியில்தான் இருந்தன, அவர்கள் பிள்ளைகள் மேல் பள்ளியில் ஹங்கேரிய மொழி திணிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கோபம் வராமல் என்ன செய்யும்? பெரியவர் உடனே, நாடு கடந்த பிறகு 1862இல் கொஷூத் தன்யூப் நதிக்கரை மக்களெல்லாம் சேர்ந்த ஒரு கூட்டாட்சித் திட்டத்தை முன்வைத்ததைச் சொன்னார். அது காலம் கடந்து வந்த ஞானம் என்றார் தோழி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் குரலும் உயரவில்லை. இந்தச் சிலையை யாருக்காவது காட்டினால் இந்த வழக்கையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை என்பது என் கருத்து. அதற்காக இந்தச் சிலைக்கென்று ஒன்றுகூடிப் பணம் சேர்த்த ஹங்கேரியச் சங்கத்தாரின் பாடு எனக்குக் குறைந்துபோய்த் தெரியவில்லை.

வேன் ஓட்டிய தம்பிக்கும், குழந்தைகளை மேய்த்த அக்காக்களுக்கும் தனி நன்றி. படங்கள் குழுவில் போட்டாகிவிட்டது.

பெரியவரே, இதை உங்களுக்கு ஆங்கிலத்தில் நானே வந்து படித்துக் காட்டுகிறேன். உங்கள் டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, சும்மா வராது, என் அம்மா முறுக்குக்கு மாவு அரைத்துவிட்டார்கள்.