எங்கள் குயில்ட்டைக் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அமெரிக்கப் பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர்களின் முகங்களை வைத்து நாம் தைத்த குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) பற்றித்தான் எழுதுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அதற்காகப் போட்டோ அச்சடித்து வைத்திருந்த துணிகள் நனைந்து கெட்டுப்போனது உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி அதை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. குயில்ட் முடிந்துவிட்டது, நேற்று சாயங்காலம் கடைசி ஓரத்தையும் தைத்து நூலகத்தில் மாட்டியாயிற்று. விரல் நுனியெல்லாம் எரிகிறது, இருந்தாலும் சூட்டோடு சூடாக நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் மேல்வீட்டுப் பெரியவருக்கு. ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கத்தான் கதவைத் தட்டினார். மை கரைந்து முகம் அழிந்த துணிகளை மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தார், இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார், ஓட்டுரிமைக்காக 1917-இல் வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு நின்று ஜெயிலுக்குப் போனவர்கள் என்றேன். போய்த் தன் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

துணியில் போட்டோ அச்சடித்தவர்களுக்குத்தான் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். ஃப்ரீசர் பேப்பர் என்று ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய தாள் உண்டு, அதன் வழவழப்பான பக்கத்தில் பருத்தித் துணியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டி, ஓரத்தைப் பிசிறில்லாமல் வெட்டி உள்ளே விட வேண்டும், ஒரே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பிரிண்டர் மாட்டிக்கொள்ளும். நான் இஸ்திரி போடப் போட அவர் இரும்பு ஸ்கேலை வைத்து ஒவ்வோர் ஓரமாக வெட்டினார். துணி வெளியே வந்ததும் கீழே இருக்கும் பெயரைச் சத்தமாக வாசிப்பார். ரோஸ் வின்ஸ்லோ 11 வயதிலேயே காலுறை ஆலைக்கு வேலைக்குப் போனவர், சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது துண்டுக் காகிதங்களில் எழுதி ரகசியமாக வெளியே அனுப்பினார் என்று சொன்னதும் அந்தத் துணியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்புறம் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த மேரி நோலன். நவம்பர் 1917-இல் ஆக்கோக்வான் சிறையில் காவலர்கள் பெண்களை அடித்து இழுத்துப்போட்ட அந்த ராத்திரி அவரும் அங்கேதான் இருந்தார், வயது 73. "எனக்கும் அதே வயசுதான்" என்றார் பெரியவர். அந்தத் துணியிலிருந்து பேப்பரை உரிக்க என்னை விடவில்லை, தானே உரித்தார். விடியும்வரை இருந்தார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

படங்களை மறுபடி பெரிய அளவில் எடுத்து அனுப்பிய நூலக நண்பர், தையல் மெஷினை இரவல் தந்தவர், நடுவில் வைக்கும் பஞ்சைக் காரில் கொண்டுவந்து இறக்கியவர், ஊதா, வெள்ளை, பொன்மஞ்சள் பட்டைகளை வெட்டித் தந்த அக்காமார், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த பிள்ளைகள், இட்லி சுற்றிக் கொடுத்து அனுப்பியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. நீங்கள் இல்லாமல் 36 கட்டமும் நிறைந்திருக்காது. ஏன் 36 என்று பலர் கேட்டீர்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நட்சத்திரமாகப் போராட்டத் தலைவி ஆலிஸ் பால் கொடியில் தைத்துக்கொண்டே வந்தார், ஆகஸ்ட் 18, 1920-இல் டென்னசி ஒப்புக்கொண்டதும் திருத்தம் நிறைவேறத் தேவையான 36-ஆவது நட்சத்திரம் ஏறியது. தையல்காரிகள் நமக்கு இதைவிட வேறென்ன கணக்கு வேண்டும்?

ஆனால் தைத்து முடித்ததைத் தள்ளி நின்று பார்த்தபோது மனது நிறையவில்லை. கிட்டத்தட்ட எல்லாம் வெள்ளை முகங்கள். 1913 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த ஓட்டுரிமை ஊர்வலத்தில் ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவிகளும் நடந்தார்கள். 1920-க்குப் பிறகும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை ஓட்டுச்சாவடி பக்கம் விடாமல் என்னென்னவோ செய்தார்கள், நிறம் பார்த்து ஓட்டைத் தடுக்கக் கூடாது என்ற 1965 சட்டம் வந்த பிறகுதான் அது உடைந்தது. அடுத்த குயில்ட் அவர்களுக்குத்தான், இதை நான் வாக்காகவே சொல்கிறேன். துணி வாங்கியாயிற்று. பெரியவரிடமும் சொல்லிவிட்டேன், பிரிண்டரைத் திருப்பித் தர வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றார்.