தண்டவாளம் போன பிறகு மண் யாருக்கு?

செயின்ட் லூயிஸ், மிசூரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும், உன் மகளுக்கு வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தின் நகலும் கிடைத்தன. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய ரயில் தடம் நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாறப் போகிறது, மத்திய அரசிடம் நஷ்டஈடு கேட்கலாம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இருக்கிறது. மோசடியா என்று கேட்டிருக்கிறாய். மோசடி இல்லை. தடத்தை ஒட்டி இருக்கும் எல்லோருக்கும் இப்படிக் கடிதம் வருவது வழக்கம்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு அவள் உரியவளா என்பதை இந்தக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு முந்தைய மூலப்பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். காலமெல்லாம் பத்திரம் எழுதிய உனக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது.

நம் ஊரில் 1894ஆம் வருஷ நில எடுப்புச் சட்டப்படி எடுத்த நிலம், சுவாதீனம் எடுத்ததும் எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுக்க அரசுக்குச் சேர்ந்துவிட்டது. அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் பழைய பட்டாதாரர் வந்து கேட்க முடியாது. இங்கே அமெரிக்காவில் தனியார் ரயில் கம்பெனிகள் வழிநெடுக ஒவ்வொரு விவசாயியிடமும் தனித்தனியாக எழுதி வாங்கின. ஒருவர் சுத்தக் கிரயம் கொடுத்திருப்பார். பக்கத்துக்காரர் மண்ணை விற்காமல், ரயில் ஓட்டிக்கொள்ளும் உரிமையான வழிப்பாத்தியத்தை மட்டும் கொடுத்திருப்பார். மறுத்தவரின் நிலத்தில் கோர்ட் மூலம் எடுத்திருப்பார்கள். பத்திரமே இல்லாமல் தண்டவாளம் போட்டு அனுபவத்தில் வந்த இடங்களும் உண்டு. ஒரே தடத்தில் அரை மைலுக்குள் இந்த நாலும் இருக்கலாம். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்தது என்பது உன் மகள் விஷயத்தில் எதற்கும் ஆதாரமாகாது.

வழிப்பாத்தியம் மட்டும் கொடுத்த இடத்தில், ரயில் கைவிடப்பட்டதும் பாத்தியம் அற்றுப்போகும். மண் எப்போதுமே நிலத்துக்காரருடையது. அதன் மேல் இருந்த சுமைதான் நீங்குகிறது. இருபுறமும் வேறு வேறு ஆட்கள் என்றால் பொதுவாக நடுக்கோடு வரை அவரவருக்கு. சிக்கல் தொடங்கியதே இதில்தான். 1916இல் இந்த நாட்டில் ஏறத்தாழ 2,54,000 மைல் ரயில் பாதை இருந்தது. பிறகு கம்பெனிகள் ஒவ்வொரு கிளையாக மூடின. ஒரு தடம் நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்துபோனால் திரும்பச் சேர்க்க வழியில்லை. அதைத் தடுக்கத்தான் 1968ஆம் வருஷத் தேசியப் பாதைகள் சட்டத்தை 1983இல் திருத்தினார்கள். நகராட்சியோ மாநிலமோ ஒரு சங்கமோ தடத்தை ஏற்று, வரி, பராமரிப்பு, விபத்துப் பொறுப்பு மூன்றையும் சுமக்கவும், பின்னாளில் ரயில் வந்தால் விட்டுக்கொடுக்கவும் சம்மதித்தால், அந்தத் தடம் கைவிடப்பட்டதாகவே கருதப்படாது. ரயில் பேங்கிங் என்பது இதுதான். தடத்தை டெபாசிட் போட்டு வைப்பது மாதிரி.

நிலத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் ஏரிக்கரைத் தடம் ஒன்றைப் பற்றிய பிரிசோ வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1990இல் கோர்ட் சொன்னது: சட்டம் செல்லும், நஷ்டஈடு வேண்டுமானால் அதற்குரிய கோர்ட்டில் அரசிடம் கேளுங்கள். 1996இல் மேல்முறையீட்டுக் கோர்ட், அங்கே நடந்தது நில எடுப்புதான், அரசு பணம் கொடுக்க வேண்டும் என்றது. அன்றிலிருந்து இந்த வழக்குகள் மூன்று கேள்விகளில் நிற்கின்றன. கம்பெனி வாங்கியது மண்ணையா, பாத்தியத்தையா? பாத்தியம் என்றால் ரயிலுக்கு மட்டுமா, பொதுப்பாதைக்கும் சேர்த்தா? பொதுப்பாதைக்கும் சேர்த்து என்றாலும், அந்தப் பாத்தியம் அதற்கு முன்பே அற்றுப்போய்விட்டதா? மேற்கு மாநிலங்களில் அரசே 1875ஆம் வருஷச் சட்டப்படி கம்பெனிகளுக்குக் கொடுத்த தடங்கள் தனி ரகம். அதுவும் வழிப்பாத்தியமே என்று 2014இல் வயோமிங்கைச் சேர்ந்த பிராண்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 8க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது. மிசூரியில் இருக்கும் உன் மகளுக்கு அது தேவைப்படாது.

இனி பத்திரம். பழைய ரயில் பத்திரங்களில் ஒரு ரகம் இப்படிப் போகும்: ஒரு டாலர் பெற்றுக்கொண்டு, மேற்படி கம்பெனி ரயில் பாதை அமைத்து நடத்துவதற்காக, நடுக்கோட்டுக்கு இருபுறமும் 50 அடி அகலத்தில் வழிப்பாத்தியம் கொடுத்தோம். இன்னொரு ரகம்: இத்தனை நூறு டாலர் பெற்றுக்கொண்டு, 100 அடி அகலமுள்ள நிலத்தைக் கம்பெனிக்கும் அதன் வாரிசுதாரர்களுக்கும் என்றென்றைக்குமாக விற்றோம். முதலாவதைப் பார்த்ததும் பாத்தியம் என்று நீ சொல்லிவிடுவாய். இரண்டாவது கிரயம். தகராறு எல்லாம் நடு ரகத்தில். ‘நிலத்துண்டு’ என்று மேலே இருக்கும், ‘வழிப்பாத்தியத்துக்காக’ என்று கீழே ஓரத்தில் இருக்கும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பு மாறும். மிசூரியில் பெயருக்கு ஒரு டாலர் மட்டும் போட்டிருந்தால், தானமாகக் கொடுத்தது என்று வைத்து, பாத்தியமாகவே பார்ப்பார்கள். கோர்ட் மூலம் எடுத்ததும் இங்கே பாத்தியம்தான். அதனால் தொகை எழுதியிருக்கும் வரியைப் படிக்காமல் விட்டுவிடாதே.

அந்தப் பத்திரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ரயில் கம்பெனிகளின் சொத்தை மதிப்பிட 1913இல் ஒரு சட்டம் வந்தது. அதற்காகத் தடம் முழுவதையும் தாள் தாளாக வரைந்தார்கள். மதிப்பீட்டு வரைபடம் (வேல்யுவேஷன் மேப்) என்பதைச் சுருக்கி இங்கே எல்லோரும் ‘வால் மேப்’ என்பார்கள். நம் புலப்படம் மாதிரிதான்: நடுக்கோடு, இருபுற அகலம், துண்டு எண், கூடவே கொடுத்தவர் பெயர், பத்திரத்தின் வகை, தேதி, பதிவுப் புத்தகம், பக்கம் என்று ஒரு அட்டவணை. அட்டவணையில் கிரயம் என்று இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. அது கம்பெனி தன் பக்கத்துக்கு எழுதிக்கொண்டது. புத்தகம், பக்கம் எண்ணை எடுத்துக்கொண்டு நம் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரியான கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் அசல் பதிவைப் பார்க்க வேண்டும். வரி வரைபடத்தில் ரயில் தடம் தனித் துண்டாகத் தெரிவதைப் பார்த்து ‘நம்முடையது இல்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வரைபடம் வரி வசூலுக்குப் போட்டது, உரிமைக்கு அத்தாட்சி இல்லை. அதேபோல அவளுடைய கிரயப் பத்திரத்தில் ‘ரயில் வழிப்பாத்தியம் நீங்கலாக’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பல சமயம் அது சுமையைச் சுட்டுவதற்காக எழுதியது, மண்ணை விலக்க எழுதியது இல்லை.

பத்திரத்துக்கு அடுத்தது தேதி. ரயில் தடங்களை மூட அனுமதி தரும் மத்திய அரசின் வாரியம், இடைக்காலப் பாதைக்கான அறிவிப்பு ஒன்று வெளியிடும். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நிட்டு’ என்பார்கள். அந்தத் தேதியில் நிலம் எடுக்கப்பட்டதாகக் கணக்கு. அன்றைக்கு யார் சொந்தக்காரரோ அவருக்குத்தான் பணம். அவள் அதற்குப் பிறகு வீடு வாங்கியிருந்தால் உரிமை விற்றவரிடமே நின்றுபோகும். அந்தத் தேதியிலிருந்து 6 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பாதை கட்டி முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்து காலாவதியானவர்கள் உண்டு. முதல் நிட்டு வந்த நாள்தான் கணக்கு. நீட்டிப்புக் கொடுத்தாலும் கடிகாரம் புதிதாக ஓடாது. வாரியத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் ‘ஏபி’ என்று தொடங்கும் கோப்பு எண் உண்டு. வக்கீல் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. அதைப் போட்டு முதல் அறிவிப்பின் தேதியை அவளே பார்க்கட்டும்.

வழக்கு வாஷிங்டனில் உள்ள மத்திய உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே கூட்டு வழக்கில் யாரும் தானாகச் சேர்ந்துவிட மாட்டார்கள், கையெழுத்துப் போட்டவர்கள்தான் கட்சிக்காரர்கள். ஜெயித்தால் நியாயமான வக்கீல் செலவையும் மதிப்பீட்டாளர் செலவையும் அரசே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று இருந்தால், அரசு தரும் கட்டணம் அதில் கழியுமா என்று எழுத்தில் கேட்கச் சொல். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

தொகை எவ்வளவு வரும்? எந்தப் பாத்தியமும் இல்லாத நிலமாக வைத்து ஒரு மதிப்பு, பொதுப்பாதை ஓடும் நிலமாக வைத்து ஒரு மதிப்பு, வித்தியாசம்தான் நஷ்டஈடு. எடுத்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. அவள் மனை தடத்தை ஒட்டி 150 அடி என்கிறாய். 100 அடித் தடத்தில் பாதி 50 அடி. ஆக 7,500 சதுர அடி, நம் கணக்கில் 17 சென்ட். பின் வாசலில் ஆட்கள் நடமாடுவதால் மிச்ச மனையின் மதிப்புக் குறைந்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் அவளிடம் அழுத்திச் சொல். இந்த வழக்கில் ஜெயித்தாலும் பாதை நிற்காது, நிற்கவும் கூடாது. பணம் கொடுப்பது மத்திய அரசின் கஜானா, பாதையை நடத்தும் சங்கம் இல்லை. வேலி போட்டு மறிப்பதும், தடத்தில் உழுவதும் அவளுக்குத்தான் வழக்காக வரும். கேட்டி பாதை 240 மைல் மிசூரியைக் குறுக்கே கடக்கிறது. 1986 வெள்ளத்துக்குப் பிறகு ரயில் நின்ற தடம், 1990இல் மக்களுக்குத் திறந்தது. அதிலும் நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டுத் தங்கள் உரிமையை நிலைநாட்டினார்கள், பாதையும் இருக்கிறது. இரண்டும் நியாயம். ஊர்க் கூட்டங்களில் ஒரு பக்கம் ‘திருடர்கள்’ என்றும் மறுபக்கம் ‘பேராசைக்காரர்கள்’ என்றும் கத்துவதைக் கேட்டால் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு பேருக்கும் பகை இருக்க வேண்டிய இடமே இல்லை இது.

சங்கத்தோடு அவள் பேச வேண்டியது வேறு: மழைநீர் போகும் பழைய கல்வெர்ட்டை யார் சுத்தம் செய்வது, வேலி எந்தக் கோட்டில், அவளுடைய தோட்டக் கொட்டகை தடத்துக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. பேசியதை எழுதிப் பதிவும் செய்துகொள்ளட்டும். கழற்றிப் போட்ட ஸ்லீப்பர் கட்டைகளைக் காய்கறிப் பாத்திக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரியோசோட் எண்ணெய் ஊறியவை, மண்ணில் இறங்கும்.

அவளுடைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தையும், வீடு வாங்கிய தேதியையும் அனுப்பச் சொல். வால் மேப் தாளை நான் எடுத்துப் பார்க்கிறேன். அதுவரை கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
ராமநாதன்