குப்பைமேட்டிலிருந்து கப்பல் கணக்கு வரை: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு குறை சொல்லப்பட்டது. கிரேக்கம், ரோமம் என்று கூடுகிறோமே தவிர, சீசரை யார் குத்தினார்கள், கிளியோபாட்ரா எப்படி இருந்தாள் என்பதைத் தாண்டுவதே இல்லை என்று. குறை நியாயமானதுதான். அதனால் இந்த ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்வது என்று செயற்குழு முடிவு செய்தது: அறிஞர்கள் சொல்வதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எந்தத் துண்டை, எந்த வரியை வைத்துச் சொல்கிறார்கள்?

ஆண்டின் பெரும்பகுதியை ஆக்சிரிங்கஸ் எடுத்துக்கொண்டது. எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 160 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊர். இன்றைய பெயர் அல்-பஹ்னஸா. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பெர்னார்ட் கிரென்ஃபெல், ஆர்தர் ஹண்ட் என்ற இருவர், வயது முப்பதைத் தொடாதவர்கள், 1896 டிசம்பரில் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். தோண்டியது ஊர்க் குப்பைமேட்டை. மழை அரிது, நைல் வெள்ளமும் எட்டாத மேடு. எனவே கிரேக்க, ரோமானியக் காலத்து மக்கள் கொட்டிய பாப்பிரஸ் தாள்கள், அதாவது நாணல் வகைச் செடியில் செய்த தாள்கள், மட்காமல் கிடந்தன. 1907 வரை பல பருவங்கள் தோண்டி, ஏறக்குறைய 5 லட்சம் துண்டுகளை எடுத்தார்கள். முதல் தொகுதி 1898-ல் வந்தது. இன்று 80 தொகுதிகளுக்கு மேல் ஆகியும், அச்சேறியவை 5,000 சொச்சம்தான். நூற்றில் ஒன்று! நம் கோயில் கல்வெட்டுகளில் பாதி அச்சாகவில்லை என்று அடிக்கடி வருத்தப்படும் உறுப்பினர் அன்று சற்று ஆறுதலோடு வீட்டுக்குப் போனார்.

சாப்போவின் கவிதை வரிகள், பிண்டாரின் பாடல்கள், தொலைந்துபோன சோபக்ளிஸ் நாடகம் ஒன்றின் பெரும்பகுதி எல்லாம் இந்தக் குப்பையில் கிடைத்தவை. ஆனால் பத்தில் ஒன்பது துண்டு வரி ரசீது, குத்தகைப் பத்திரம், வீட்டுக் கடிதம் போன்றவை. நம் உறுப்பினர்கள் விழுந்ததும் அதில்தான். தியோன் என்ற சிறுவன் அதே பெயருள்ள தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை ஒரு கூட்டத்தில் வரிவரியாகப் படித்தோம். கி.பி. 2 அல்லது 3-ஆம் நூற்றாண்டு. “என்னை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டீர்களே, ரொம்ப நல்ல காரியம்!” என்று குத்தலோடு தொடங்குகிறான். அலெக்ஸாண்டிரியாவுக்கு அழைத்துப் போகாவிட்டால் கடிதம் போட மாட்டேன், பேச மாட்டேன், கையைக்கூடத் தொட மாட்டேன் என்கிறான். கடைசியில், சாப்பிடவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன், அவ்வளவுதான்! வரிக்கு வரி எழுத்துப் பிழை. அந்தப் பிழைகள் மொழி ஆய்வாளர்களுக்குப் பெரிய சொத்து என்பதைப் பேசியவர் நன்றாக விளக்கினார். படித்தவர் எழுதினால் பழைய மரபுப்படி எழுதுவார். பையன் காதில் விழுந்தபடி எழுதுகிறான். எனவே அன்று தெருவில் கிரேக்கம் எப்படி ஒலித்தது என்பதை இவனிடமிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த கடிதம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதாக இல்லை. கி.மு. 1-ஆம் ஆண்டு, அலெக்ஸாண்டிரியாவில் வேலைக்குப் போன ஹிலாரியோன் கர்ப்பிணியான மனைவி அலிஸுக்கு எழுதுகிறான். கவலைப்படாதே, கூலி வந்ததும் அனுப்புகிறேன், என்னை மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாயாமே, உன்னை எப்படி மறப்பேன் என்கிறான். அதே மூச்சில், பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் எறிந்துவிடு. கூட்டம் வெகுநேரம் கலையவில்லை. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக வந்தது என்று நினைவிருக்கிறதா என ஓர் அம்மா கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இந்த ஒரே கடிதத்தை வைத்து, ரோமானிய உலகில் பெண் குழந்தைகளை எறிவது எங்கும் இருந்த வழக்கம் என்று சொல்லிவிடலாமா என்பதில் ஆய்வாளர்கள் நீண்ட நாளாக வாதாடுகிறார்கள். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அமையவில்லை என்பது என் கருத்து.

சச்சரவு இல்லாத ஆண்டு ஏது? ஆக்சிரிங்கஸ் துண்டுகளில் 100-க்கு மேல் காணாமல் போயிருப்பதும், அவற்றில் சில அமெரிக்காவில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தின் கைக்குப் போயிருந்ததும் 2019-ல் வெளிவந்ததைப் பற்றி விவாதம் வைத்தோம். மூலம் தெரியாத துண்டை வைத்து ஆய்வு எழுதலாமா என்பது கேள்வி. எழுதாவிட்டால் அறிவு நஷ்டம் என்றது ஒரு கட்சி; எழுதினால் அதுவே திருட்டுச் சரக்குக்கு விலைச்சீட்டு ஒட்டுவதாகிவிடும் என்றது மறு கட்சி. நம் ஊர்ச் சிலைகள் எந்தெந்த நாட்டில் போய் நின்றன என்பதை அறிந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்சியில் இருந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். குரல் உயர்ந்தது உண்மை. நூலகர் மேலே வந்து எட்டிப் பார்த்ததும் உண்மை.

ஹெர்குலேனியம் பாப்பிரஸ் சுருள்கள் பற்றிய கூட்டத்தைக் கல்லூரி மாணவ உறுப்பினர்களே நடத்தினார்கள். கி.பி. 79-ல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஒரு மாளிகையில் கரிக்கட்டையாகிப்போன நூலகம் அது. 1750-களில் தோண்டி எடுத்தார்கள். அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார் ஒரு பொறி செய்து, நூலிழை கட்டி, மெல்ல மெல்லப் பிரித்தார். பிரித்ததில் பல உதிர்ந்தன. இப்போது சுருளைத் தொடாமலே எக்ஸ்-கதிரில் வருடிப் படம் எடுத்து, கணினியில் பிரிக்கிறார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 2023-ல் பரிசுப் போட்டி அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் லூக் ஃபாரிட்டர் என்ற மாணவர் முதல் சொல்லைக் கண்டுபிடித்தார்: ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் அவரும் யூசுஃப் நாதர், ஜூலியன் ஷில்லிகர் ஆகியோரும் 2,000-க்கு மேற்பட்ட எழுத்துகளைப் படித்து 7 லட்சம் டாலர் பரிசு வாங்கினார்கள். அப்படியும் அந்தச் சுருளில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். இன்பம் எதில் இருக்கிறது என்பதுதான் அங்கே பேச்சு. கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் வழிவந்த ஃபிலோடெமஸ் எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். மாணவர்கள் திரையில் காட்டிய படத்தில் எனக்குத் தெரிந்தது விரிசல் விட்ட ஏரிப் படுகைதான். அந்த விரிசலின் அமைப்புதான் மை என்று அவர்கள் சொன்ன பிறகு கொஞ்சம் தெரிவதுபோல் இருந்தது. பாதியில் மின்சாரம் போனதால் கேள்வி நேரம் இருட்டிலேயே நடந்தது.

கிரீட்டிலும் கிரீஸிலும் களிமண் பலகைகளில் கிடைத்த லீனியர் பி என்ற பழைய எழுத்தை 1952-ல் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸைப் பற்றி ஓர் உரை. வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு முன்பே சொல்லின் ஈறுகள் மாறுவதைப் பட்டியலிட்ட புரூக்ளின் பேராசிரியை ஆலிஸ் கோபரைத் தெரிந்தவர் அநேகமாக இல்லை. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில், கிடைத்த வாழ்த்து அட்டைகளையும் தேவாலயச் சுற்றறிக்கைகளையும் வெட்டிக் குறிப்புச் சீட்டாக்கி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கியவர். 1950-ல், விடையைப் பார்க்காமலே காலமானார்.

அப்புறம், ஆண்டின் மிகப்பெரிய கூட்டம்: சேர நாட்டுத் துறைமுகமான முசிறியின் பெயரால் வழங்கும் முசிறி பாப்பிரஸ். மற்ற மாதங்களில் கண்ணில் படாதவர்கள்கூட வந்து, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் இந்தத் தாளை ஹாராவரும் சைப்பஸ்டைனும் 1985-ல் பதிப்பித்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. ஒரு பக்கம் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம்: செங்கடல் துறையில் இறங்கும் சரக்கு ஒட்டகத்தில் நைல் கரைக் கோப்டஸுக்கும், அங்கிருந்து ஆற்று வழியாக அலெக்ஸாண்டிரியாவுக்கும் போக வேண்டும், முத்திரை யாருடையது, நாலில் ஒரு பங்கு வரி. மறுபக்கம் ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. எஞ்சிய வரிகளில் கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சில் என்ற நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் தெரிகின்றன. வரி போகவே ஏறக்குறைய 70 லட்சம் டிராக்மா நாணயம்! பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் யவனர் கலங்களைப் பற்றிய அகநானூற்று 149-ஆம் பாட்டைத் தமிழாசிரியர் ஐயா பாட, கைதட்டல் அடங்கவில்லை. பேச வந்தவர் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொன்னார்: மிளகு என்ற சொல்லை இந்தத் தாளின் எஞ்சிய பகுதியில் காணோம், கிழிந்துபோன இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. மிளகைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் செங்கடல் கரையில் பெரெனிகேவுக்குப் போக வேண்டும். அங்கே கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. இந்தத் திருத்தம் சிலருக்குக் கசந்தது தெரிந்தது. சரி, அதற்காகத்தானே இந்த ஆண்டின் கேள்வியையே வைத்தோம்?

நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், ஆடி மாதம் காலமானார். அவர் விருப்பப்படி மூலத்தையும் ஆங்கிலத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் தரும் அவரது லோப் பதிப்பு நூல்களைக் குடும்பத்தினர் நமக்கே தந்துவிட்டார்கள்: பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு அட்டை லத்தீன். ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் பழைய பதிப்பில் ஆபாசமான கவிதைகளை மட்டும் ஆங்கிலத்தில் தராமல் இத்தாலிய மொழியில் பெயர்த்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தத் தொகுதியை இரவல் கேட்டு இதற்குள் பலர் வந்துவிட்டார்கள். இரவல் காலம் பதினைந்து நாள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

வரும் ஆண்டுக்குக் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தமிழ்ச் சுருக்கங்களைத் தட்டச்சு செய்யும் வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. இன்னும் இருவர் முன்வந்தால் உதவியாக இருக்கும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

செயலாளர்