நீர் ஏன் வளைந்திருக்கிறது

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு நீ நலமாக இருப்பதையும், பேத்தி பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். கார்பன் டைஆக்சைடிலும் மூன்று அணுக்கள், நீரிலும் மூன்று அணுக்கள். அப்படியிருக்க ஒன்று நேர்கோடாகவும் மற்றொன்று வளைந்தும் இருப்பது ஏன் என்று அவள் கேட்டதைப் படித்ததும், பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எனக்கு மறுபடி வகுப்புக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

முதலில் அவளிடம் பலூன்களைக் கொடு. ஒரே அளவில் ஊதிய இரண்டு பலூன்களை வாய்ப்பக்கம் சேர்த்துக் கட்டினால் அவை எதிரெதிராக நீளும். மூன்றைக் கட்டினால் தட்டையான முக்கோணமாக விரியும். நான்கைக் கட்டினால் நான்முகியாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவின் மூலைகளை நோக்கி நிற்கும். அந்த நான்கையும் மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கச் சொல். கையை எடுத்ததும் அவை மீண்டும் நான்முகியாக எழும்பிவிடும். மூலக்கூறின் மைய அணுவைச் சுற்றி இரண்டிரண்டாகச் சேர்ந்துள்ள எலக்ட்ரான் இரட்டைகளும் இவ்வாறே கூடுமானவரை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. 1940-இல் வேதியியலாளர்களான சிட்ஜ்விக்கும் பவலும் சொன்ன இக்கருத்தைத்தான் கில்லெஸ்பியும் நைஹோமும் 1957-இல் விரிவாக்கினார்கள்.

பிள்ளைகள் தவறுவது எண்ணும் இடத்தில்தான். கார்பன் டைஆக்சைடின் லூயிஸ் அமைப்பை, அதாவது எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தை வரைந்துவிட்டு, ஓரத்திலுள்ள ஆக்சிஜன்களின் தனித்த இரட்டைகளையும் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகளையும்) கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். மைய அணுவின் மேல் உள்ளவற்றை மட்டுமே எண்ண வேண்டும்; இரட்டைப் பிணைப்பை ஒன்றாகவே கொள்ள வேண்டும். அப்படி எண்ணினால் கார்பனைச் சுற்றி இரண்டு திசைகளே உள்ளன, ஆகவே நேர்கோடு. நீரில் மைய ஆக்சிஜனுக்கு இரண்டு பிணைப்பு இரட்டைகளோடு இரண்டு தனித்த இரட்டைகளும் இருப்பதால் நான்கு திசைகள். ஆனால் பெயர் சூட்டும்போது அணுக்களை மட்டும் பார்ப்பதால் அதை வளைந்த வடிவம் என்கிறோம். இது புரிந்துவிட்டால், சல்ஃபர் டைஆக்சைடு ஏன் வளைந்திருக்கிறது என்பதை, சல்ஃபர் மேல் உள்ள ஒரு தனித்த இரட்டையைக் கண்டு அவளே சொல்லிவிடுவாள்.

இன்னொன்றையும் நான் வற்புறுத்திச் சொல்வேன். மீத்தேனில் 109.5 பாகை, அம்மோனியாவில் ஏறத்தாழ 107, நீரில் 104.5 என்பதை, இந்தக் கொள்கையே கணக்கிட்டுத் தந்த விடை என்று எண்ணிப் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். தனித்த இரட்டை மைய அணுவோடு ஒட்டி அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பிணைப்புகள் நெருங்கும், கோணம் குறையும் என்பது வரையே கொள்கை சொல்லும். எவ்வளவு குறையும் என்பதை அளந்துதான் அறிய வேண்டும். அதே அமைப்புடைய ஹைட்ரஜன் சல்ஃபைடில் கோணம் ஏறத்தாழ 92 பாகைக்கு இறங்கிவிடுவதை அவளுக்குக் காட்டு. ஒரு பலூனைச் சற்றுப் பெரிதாக ஊதிக் காட்டுவதால் மட்டும் அந்த எண் கிடைக்காது.

அடுத்து அவளுக்கு ஒரு கணக்கு. குளோரின் டிரைஃபுளூரைடில் குளோரினைச் சுற்றி ஐந்து இரட்டைகள், அவற்றில் இரண்டு தனித்தவை. முக்கோண இருபிரமிடின் (முக்கோண அடிப்பக்கங்கள் ஒட்டிய இரண்டு பிரமிடுகளின்) எந்த இடங்களில் அந்த இரண்டும் அமரும், ஏன் என்று அவளே ஐந்து பலூன்களைக் கட்டிப் பார்த்து எழுதட்டும். விடையை உன் அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்