பெரிய பச்சைக்கிளிக் குஞ்சு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"எப்போது பேசும்?" குஞ்சு வாங்கும்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை. கூண்டுக் கம்பியில் உரசி உரசி எங்கள் கிளியின் வால் கட்டையாகிப் போயிருந்தது. கிளிக்கு வால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒருநாள் காட்டோரத்தில் அதே பெரிய பச்சைக்கிளி இனம் பறப்பதைப் பார்த்தேன். அலகிலிருந்து வால்நுனி வரை கிட்டத்தட்ட 2 அடி, அதில் பாதிக்கு மேல் வால்தான்! தடித்த சிவப்பு அலகு, தோளில் குங்குமம் அப்பியது போல ஒரு திட்டு. ஆணுக்கு மட்டும் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம். தோப்பில் பார்க்கும் சாதாரணப் பச்சைக்கிளியைவிடக் குரலும் கனமானது.

இந்தக் கிளி கூடு கட்டாது. வயதான மரத்தின் பொந்துதான் அதன் வீடு. வருடத்துக்கு ஒருமுறை 2 முதல் 4 முட்டை வரை இடும். குஞ்சுகள் இறகு முளைத்து வெளியே வர ஏழு வாரம் போல ஆகும். பிடிப்பவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மரமேறி, கை நுழையும் அளவுக்குப் பொந்தை வெட்டி அகலமாக்கி, கண் திறந்தும் திறவாததுமான குஞ்சுகளை அள்ளிக்கொள்கிறார்கள். வாய் அகன்ற பொந்தில் மழையும் பாம்பும் எளிதாக நுழையும். அடுத்த வருடம் அந்த ஜோடிக்கு அது உதவாமல் போகலாம். பெரிய மரங்களே குறைந்துவிட்ட காலத்தில் இன்னொரு பொந்துக்கு அவை எங்கே போகும்? வழியிலேயே சாகும் குஞ்சுகளும் உண்டு. உங்கள் கைக்கு வருவது தப்பிப் பிழைத்த ஒன்று.

உலக அளவில் இது அழிவு அபாய நிலையை நெருங்கும் இனங்களின் வரிசையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆனால் பிடிக்கிறவர் மரமேறுவது, வாங்க நீங்கள் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தானே?

யாராவது அட்டைப்பெட்டியில் குஞ்சு கொண்டுவந்தால், பாவம் என்று காசு கொடுத்து மீட்காதீர்கள். அந்தக் காசுக்காக இன்னொரு பொந்து வெட்டப்படும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டில் வளர்கிறதா? சரி, அவசரப்பட்டு ஜன்னலைத் திறந்துவிட வேண்டாம். இரை தேடத் தெரியாத, சிறகு வெட்டப்பட்ட கிளி வெளியே பிழைக்காது. அதையும் வனத்துறையிடமே ஒப்படையுங்கள்.

அன்புடன்,
கிளி வளர்த்த வீட்டிலிருந்து ஒருவர்